பிள்ளைப் பாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழந்தைப் பாடல்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில, இந்த இதழில்.

பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறதே. அப்படியிருக்க, குழந்தைப் பாடல் 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது என்று சிலர் எழுதுவது சரியா?
(தமிழாசிரியர், தென்காசி)

பாதி சரி. பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பற்றிப் பெரியவர் பாடுவது. குழந்தை தானே பாடுவதற்காக எழுதப்பட்டதன்று. 'குழவி மருங்கினும் கிழவது ஆகும்' என்று தொல்காப்பியம் இதற்கு இடம் வைத்தது. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டு 'மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி' என்று தாலாட்டினார். பிறகு 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மேல் பாடியதிலிருந்து அது தனி நூல்வகை ஆயிற்று. பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவது அதன் அமைப்பு. அவற்றில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழு பருவங்களும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் மாறும். ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

ஆனால் இந்தப் பருவங்களைப் புலவர்கள் வெறுங்கற்பனையில் கட்டவில்லை. மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் வைத்துப் பாடு என்பது இலக்கணம். வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதன் கணக்கு உடனே பிடிபடும். ஐந்தாம் மாதம் செங்கீரை: பிள்ளை கையை ஊன்றி, தலை நிமிர்ந்து, முன்னும் பின்னும் ஆடுகிற காலம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து இரு கையையும் சேர்த்துக் கொட்டுகிற காலம். இன்றும் அந்த வயதுப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நாம் பாடுவது 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு', 'கை வீசம்மா கை வீசு'. செங்கீரையும் சப்பாணியும் வேலை அளவில் மாறவே இல்லை, மொழிதான் எளிதாகியிருக்கிறது.

அம்புலிப் பருவத்தைப் பாருங்கள். சாமம் (இன்சொல்), பேதம் (வேறுபடுத்திக் காட்டல்), தானம் (கொடை), தண்டம் (மிரட்டல்) என்று நான்கு வழியாலும் நிலாவைப் பிள்ளையோடு விளையாட அழைக்க வேண்டும் என்பதால் 'பிள்ளைக் கவிக்கு அம்புலி புலி' என்றே ஒரு சொலவடை உண்டு. பெரியாழ்வாரின் யசோதை, 'நின்முகம் கண்ணுள ஆகில் நீ இங்கே நோக்கிப் போ' என்று நிலாவிடம் சவால் விடுகிறாள். அதே நிலாவைச் சோற்றுக் கிண்ணத்தோடு முற்றத்தில் நிற்கும் பாட்டி 'நிலா நிலா ஓடி வா' என்று கூப்பிடுகிறாள். புலவர் ஏட்டில் பாடிய காலம் முழுக்க வீட்டுப் பாட்டு ஏடேறாமல் வாயிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் நடந்தது என்னவென்றால், பெரும் கவிஞர்கள் அந்த வாய்ப்பாட்டின் பக்கம் வந்து, பிள்ளை தானே பாடும்படி பெயர் போட்டு எழுதத் தொடங்கினார்கள். 'வந்தது' என்பதைவிட 'இடம் மாறியது' என்று சொன்னால் பொருத்தம்.

ஆத்திசூடியை எந்த வயதில், எப்படித் தொடங்குவது? என் பேத்தி இருபது வரியோடு அழ ஆரம்பித்துவிடுகிறாள்.
(வாசகி, கோயம்புத்தூர்)

இருபது ஒரே மூச்சில் கொடுத்தால் அழத்தான் செய்வாள். ஆத்திசூடி 109 வரி. அதை ஒரே நீளமாகப் பார்க்காதீர்கள். ஔவையார் அதை அகரவரிசைப் பெட்டிகளாகக் கட்டியிருக்கிறார். முதல் பெட்டி 'அறம் செய விரும்பு' தொடங்கி 'அஃகஞ் சுருக்கேல்' வரை 13 வரி: உயிர் பன்னிரண்டும் ஆய்தமும். உயிரெழுத்து கற்கும் வயதில் இது மட்டும் போதும். நாளைக்கு ஒரு வரி, வாரத்துக்கு ஐந்து. மீதி இரண்டு நாள் பழையதைத் திருப்பிச் சொல்லட்டும். மூன்று வாரத்தில் முதல் பெட்டி முடியும்.

அடுத்த பெட்டி 'கண்டொன்று சொல்லேல்', 'ஙப்போல் வளை' என்று மெய்வரிசையில் போகிறது. இங்கே ஒரு அழகு இருக்கிறது, பெரும்பாலும் சொல்லித் தரப்படாதது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஔவையார் என்ன செய்தார்? முன்னால் ஒரு உயிரை வைத்து, வேண்டிய எழுத்தை இரண்டாம் இடத்தில் நிறுத்தினார். 'இடம்பட வீடு எடேல்', 'இணக்கம் அறிந்து இணங்கு', 'அரவம் ஆட்டேல்', 'இலவம் பஞ்சில் துயில்', 'அழகு அலாதன செய்யேல்', 'இளமையில் கல்'. ஏழெட்டு வயதில் அந்த இரண்டாம் எழுத்தைத் தேடிப்பிடித்து வட்டமிடச் சொல்லுங்கள். மனப்பாடம் விளையாட்டாகிவிடும்.

பேத்திக்குத் தடை இன்னொன்றும் இருக்கலாம். முதல் 13 வரியில் எட்டு வரி 'ஏல்' என்று முடிகிறது. இன்றைய பிள்ளை அந்த விகுதியை வீட்டில் கேட்பதே இல்லை. 'ஏல் என்றால் ஆதே' என்று ஒரே ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். 'பேசேல்' என்றால் பேசாதே, 'விலக்கேல்' என்றால் விலக்காதே. எட்டு வரி ஒரே நாளில் திறந்துவிடும். இதைச் சொல்லாமல் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பொழிப்புரை எழுதவைப்பதுதான் பள்ளிகளில் நடக்கும் பெரிய தவறு.

ஒரு வரி பழகியதும் பாரதியின் புதிய ஆத்திசூடியிலிருந்து அதே எழுத்து வரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 'அறம் செய விரும்பு', இங்கே 'அச்சம் தவிர்'. அங்கே 'ஊக்கமது கைவிடேல்', இங்கே 'ஊண் மிக விரும்பு'. சாப்பாட்டை விரும்பச் சொல்கிற ஒரு வரி எந்தக் குழந்தையையும் சிரிக்க வைக்கும்.

பாரதி, கவிமணி பாடல்கள் ஒருமுறை கேட்டாலே மனதில் நிற்கின்றன. இன்று வரும் பல பாடல்கள் நிற்பதில்லை. கருத்து நன்றாக இருந்தும் ஏன்?
(நூலகர், திருச்சி)

கருத்தால் எந்தப் பாட்டும் நிற்பதில்லை. சட்டகத்தால் நிற்கிறது. கையைத் தட்டிக்கொண்டு இந்த நான்கையும் சொல்லிப் பாருங்கள்:

ஓடி / விளையாடு / பாப்பா / நீ
ஓய்ந்திருக்க / லாகாது / பாப்பா

தோட்டத்தில் / மேயுது / வெள்ளைப்பசு / அங்கே
துள்ளிக் / குதிக்குது / கன்றுக்குட்டி

ஆடிப் / பிறப்புக்கு / நாளை / விடுதலை
ஆனந்தம் / ஆனந்தம் / தோழர்களே

கும்மி / யடிதமிழ் / நாடு / முழுதும்
குலுங்கிடக் / கைகொட்டிக் / கும்மியடி

முதல் அடியில் நான்கு தட்டு, இரண்டாம் அடியில் மூன்று தட்டு, நான்காவது தட்டில் வாய் சும்மா இருக்கிறது, கை மட்டும் கொட்டுகிறது. பாரதியின் பாப்பா பாட்டு 1915-இல் 'ஞானபானு' இதழில் வந்தது. வெள்ளைப் பசு தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையுடையது. ஆடிப்பிறப்பு யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவருடையது. இடம் வேறு, ஆள் வேறு, சட்டகம் ஒன்று. அது கும்மி. பெண்கள் வட்டமாகச் சுற்றிவரும்போது அடி வைத்துத் திரும்ப ஒரு இடைவெளி வேண்டுமே, அந்த இடைவெளிதான் அடியின் கடைசியில் உள்ள மௌனம். குழந்தைக்கு அது மூச்சு வாங்கும் இடம்.

'நீ', 'அங்கே' போன்ற சிறு சொற்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்றும் கவனியுங்கள். முதல் அடியின் நான்காம் தட்டில் தனிச்சொல்லாக நின்று, அடுத்த அடியை இழுத்துவருகின்றன. 'அங்கே' என்று சொல்லி நிறுத்தினால் எந்தப் பிள்ளையும் 'துள்ளிக் குதிக்குது' என்று முடிக்காமல் விடாது. பாட்டு மறக்காமல் இருப்பதற்கு இந்தக் கொக்கிதான் பெரிய காரணம்.

நீங்கள் சொல்லும் நிற்காத பாடல்களை எடுத்துத் தட்டிப் பாருங்கள். ஒரு அடியில் நான்கு தட்டு, அடுத்ததில் ஐந்து, பிறகு மூன்றரை என்று தடுமாறும். எழுதியவர் காகிதத்தில் சொல்லை எண்ணியிருப்பார், தட்டை எண்ணியிருக்க மாட்டார்.

'மோதி மிதித்துவிடு பாப்பா, அவர் முகத்தில் உமிழ்ந்துவிடு பாப்பா' என்ற வரிகளை மழலையர் வகுப்பில் விட்டுவிடலாமா? பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள்.
(ஆசிரியை, சென்னை)

மழலையர் வகுப்பில் முழுப் பாட்டையும் பாடவேண்டிய அவசியமே இல்லை. பாப்பா பாட்டு 16 கண்ணி (பாட்டின் சிறு பகுதி). நான்கு வயதுக்கு முதல் கண்ணியும், குருவி, கோழி, காக்கை, பசு, நாய் வரும் கண்ணிகளும் போதும். அவை அபிநயத்துக்கு உகந்தவை. 'காலை எழுந்தவுடன் படிப்பு' பள்ளிக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு. நீங்கள் கேட்கும் கண்ணி எட்டு வயதுக்கு மேல்.

ஆனால் அந்த வயதில் அதை விடக்கூடாது, திருத்தவும் கூடாது. மேலடியோடு சேர்த்துப் படியுங்கள்: 'பாதகம் செய்பவரைக் கண்டால் நாம் பயங்கொள்ளலாகாது பாப்பா'. 'சாதிகள் இல்லையடி பாப்பா' என்று வரும் 'அடி'யைக் கவனித்தால், பாரதி பெண் குழந்தையிடம் பேசுகிறார் என்பது தெரியும். தப்பாக நடப்பவனைக் கண்டு ஒடுங்காதே என்று 1915-இல் ஒரு சிறுமிக்குச் சொன்ன வரி அது. இன்றைக்குப் பாதுகாப்பு பற்றித் தனி வகுப்பெடுக்கிறோம். அந்த வகுப்பை இந்தக் கண்ணியிலிருந்தே தொடங்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துப் பாடல்கள் பாடுவோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அவற்றில் வரும் பொருள்கள் தெரியவில்லை. சொற்களை மாற்றலாமா?
(வாசகி, டொராண்டோ)

மாற்றாதீர்கள். பொருளைக் காட்டுங்கள். ஆடிப்பிறப்புப் பாட்டு அதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது, ஏனென்றால் பாதிப் பாட்டு சமையல் குறிப்பு. பாசிப்பயறு வறுத்துக் குத்துவது, பச்சரிசி இடித்துத் தெள்ளுவது, பருப்பு அவிப்பது, மா வறுப்பது, தேங்காய் துருவுவது, சர்க்கரை கலப்பது, மாவைக் குழைத்துத் திரட்டிக் கிள்ளித் தட்டுவது என்று ஒவ்வொன்றும் செய்யும் வரிசையிலேயே வருகிறது. ஆடி முதல் நாள் பெரும்பாலும் ஜூலை 16 அல்லது 17-இல் வரும். அதற்கு முந்திய சனி, ஞாயிறில் பிள்ளைகளை அடுப்படிக்குக் கூட்டிவந்து, பாட்டின் ஒரு கண்ணிக்கு ஒரு வேலை என்று செய்யவிடுங்கள். மா வறுபடும் மணம் வந்ததும் அந்த வரியைப் பாட வேண்டும். பனங்கட்டி (பனைவெல்லம்) தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ஒரு துண்டை நாக்கில் வைத்த பிறகு 'பனங்கட்டிக் கூழ்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி'யும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கத்தரித் தோட்டத்து மத்தியிலே நின்று காவல் புரிகின்ற சேவகா'. அதே நான்கு, மூன்று தட்டுதான். வெருளி என்பது தமிழ்நாட்டில் சோளக்கொல்லை பொம்மை. பழைய சட்டையில் வைக்கோலுக்குப் பதில் காகிதம் திணித்து ஒன்று செய்து நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிப் பாடலாம். அந்தப் பாட்டு வெருளியோடு பேசுகிற பாட்டு. எதிரே ஒரு ஆள் இருந்தால்தான் பிள்ளைக்குச் சுவை.

என் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள். பாடு என்றால் கத்துகிறார்கள். என்ன செய்வது?
(அங்கன்வாடிப் பணியாளர், அறந்தாங்கி)

பிள்ளைகள்மேல் தவறில்லை. சுருதியும் வேகமும் பொருந்தாவிட்டால் கத்தல்தான் வரும்.

மூன்று, நான்கு வயதில் தொண்டை ஐந்து ஸ்வர அளவுக்குள்தான் சுகமாக அசையும். ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் இரண்டு கட்டை சுருதி வைத்து, ஸ முதல் ப வரைக்குள் நிற்கும் மெட்டு நல்லது. நம் தாழ்ந்த குரலில் தொடங்கினால், எட்டமுடியாத பிள்ளை பேசுகிற குரலில் உரக்கச் சொல்லும். அதைத்தான் நாம் கத்தல் என்கிறோம். சினிமா மெட்டில் வரிகளைப் பொருத்தினாலும் இதே கதி. அந்த மெட்டுகள் பெரியவர் குரலுக்குப் போட்டவை, ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும்.

வேகம்: நிமிடத்துக்கு 90 தட்டு அளவில் வையுங்கள், நிதானமாக நடக்கும் நடை. முதல் நாள் நீங்கள் மட்டும் மூன்று முறை பாடுங்கள், அவர்கள் கை மட்டும் தட்டட்டும். இரண்டாம் நாள் அடியின் கடைசிச் சொல் மட்டும் அவர்களுடையது. 'நிலா நிலா ஓடி' என்று நீங்கள் நிறுத்த, 'வா' என்று அவர்கள் முடிக்க வேண்டும். நாலு அடிக்கும் அதே 'வா' என்பதால் யாரும் தவறமாட்டார்கள். மூன்றாம் நாள் முழு அடி. கைபேசியில் பாட்டை ஓடவிட்டுப் பின்னால் பாடச் சொல்வதை மட்டும் தவிருங்கள். கருவி காத்திருக்காது. ஒரு பிள்ளை மூச்சு வாங்கினால் நீங்கள் காத்திருப்பீர்கள்.

பாட்டி பாடும் 'காக்கா காக்கா கண்ணுக்கு மை கொண்டா' போன்றவற்றை எழுதி வைக்க ஆசை. எழுத்துத் தமிழில் திருத்தி எழுதவேண்டுமா?
(கல்லூரி மாணவர், விருதுநகர்)

ஒரு எழுத்துகூடத் திருத்தாதீர்கள். காரணம் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது:

காக்கா காக்கா கண்ணுக்கு மை கொண்டா
குருவி குருவி கொண்டைக்குப் பூ கொண்டா
கொக்கே கொக்கே குழந்தைக்குத் தேன் கொண்டா
கிளியே கிளியே கிண்ணத்தில் பால் கொண்டா

காக்காவுக்குக் கண், குருவிக்குக் கொண்டை, கொக்குக்குக் குழந்தை, கிளிக்குக் கிண்ணம். அ-ஆ ஓர் இனம், உ-ஒ ஓர் இனம், இ-இ ஓர் இனம் என்று யாப்பிலக்கணம் சொல்லும் மோனை நான்கு அடியிலும் பிசகாமல் நிற்கிறது. பள்ளிப் பக்கம் போகாத பாட்டிகள் காதால் காத்த இலக்கணம் இது. 'காக்கா'வைக் 'காகமே' என்று திருத்தினால் மோனை தப்பாது, ஆனால் கூப்பிடும் சத்தம் போய்விடும். 'கொண்டா'வைக் 'கொண்டு வா' ஆக்கினால் தட்டு உடையும்.

குறிப்பெடுக்கும் முறை இது. முதலில் கைபேசியில் முழுவதும் பதியுங்கள், நடுவில் கேள்வி கேட்டு நிறுத்தாதீர்கள். பதிவின் தொடக்கத்திலேயே ஊர், நாள், பாடியவரின் வயது, யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லச் செய்யுங்கள். பிள்ளையை மடியில் வைத்துப் பாடுவதா, விளையாட்டில் பாடுவதா, சோறூட்டும்போதா என்பதை எழுதுங்கள். கை, கால் அசைவு உண்டென்றால் காணொளியாக எடுங்கள். 'நண்டூருது நரியூருது' பாட்டை விரல் அசைவு இல்லாமல் எழுதிவைத்தால் பின்னால் வருபவருக்கு அது புதிர். அடுத்த தெருவில் வேறு மாதிரி பாடினால் அதையும் தனியாகப் பதியுங்கள். எது 'சரியானது' என்று தேடவேண்டாம். மறந்துபோன அடியை நீங்களாக நிரப்புவதுதான் மிகப் பெரிய பிழை. புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பாட்டிக்கே அது நினைவு வரலாம், பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும்போது.

அழ. வள்ளியப்பா பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
(வாசகர், காரைக்குடி)

1922-இல் புதுக்கோட்டைப் பகுதி ராயவரத்தில் பிறந்தவர், 1989-இல் மறைந்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1944-இல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அவர் முயற்சியால் அமைந்தது. அவர் கைத்திறனுக்கு 'வட்டமான தட்டு, தட்டு நிறைய லட்டு' ஒன்று போதும். அடிதோறும் 'ட்டு' என்ற இயைபு, முன்னடி முடிந்த சொல்லில் பின்னடி தொடங்கும் அந்தாதி, உள்ளே எட்டைப் பாதியாக்கும் கணக்கு. மூன்று வேலை நடப்பது பிள்ளைக்குத் தெரியாது. லட்டு தீர்ந்ததுதான் தெரியும்.

கீழே உள்ளது நான் எழுதிய குழந்தைப் பாடல். பத்திரிகைகள் திருப்பி அனுப்புகின்றன. குறை என்ன?

தூய்மையாய் நாம்இருக்க வேண்டும் தம்பி
சுகாதாரம் பேணிடுதல் நன்மை நல்கும்
காலையிலே பல்துலக்கிக் குளித்தல் வேண்டும்
கல்வியினைக் கருத்துடனே கற்க வேண்டும்

(வாசகர், சேலம்)

ஓசை ஒழுங்காக இருக்கிறது, காது உங்களுக்கு இருக்கிறது. குறை வேறிடத்தில். நான்கு அடியில் மூன்று 'வேண்டும்'. 'தூய்மை', 'சுகாதாரம்', 'நன்மை', 'கல்வி' எதையும் பிள்ளை கண்ணால் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியது பல் துலக்குவது ஒன்றுதான், அதையும் குளியலோடு சேர்த்து அரை அடியில் கடந்துவிட்டீர்கள். பேசுவது ஒரு பெரியவர், பிள்ளைக்கு அதில் வேலையே இல்லை.

அந்த அரை அடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல் துலக்கும்போது பிள்ளைக்கு எது பிடிக்கும்? பல் அல்ல, தண்ணீர். வாயில் தண்ணீர் சத்தம் போடுவதும், தூரமாகத் துப்புவதும். அதைக் கும்மிச் சட்டகத்தில் வைத்தால்:

கொப்பளி கொப்பளி தண்ணியை அள்ளிக்
குடுகுடு என்குது வாய்க்குள்ளே
துப்பிடு துப்பிடு தூரமாய்த் துப்பிடு
தூங்கிய தவளை முழிச்சதடா

'கொப்பளி', 'துப்பிடு' எதுகை. 'கொ-கு', 'து-தூ' மோனை. நான்கு தட்டு, மூன்று தட்டு. புணர்ச்சியில் ஒட்டிக்கொண்ட நீளச் சொல் இல்லை. 'குடுகுடு' என்ற இடத்தில் பிள்ளை உண்மையாகவே சத்தம் எழுப்பும், 'துப்பிடு' என்றால் துப்பும். தவளை எதற்கு என்று கேட்கலாம். கிணற்றடியில், குழாயடியில் அது இருக்கிறது, அதற்காகவே பிள்ளை மறுநாளும் பாடும். 'பல் துலக்கு' என்று எங்கும் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள்.

அடுத்து எழுதும்போது 'வேண்டும்', 'நன்று', 'தீது' மூன்றையும் தள்ளிவைத்து, எட்டு அடிக்கு மேல் போகாமல், ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒன்றிடம் இரண்டு முறை பாடிக் காட்டிவிட்டு, மறுநாள் முதல் சொல்லை மட்டும் சொல்லுங்கள். அது எந்த அடியில் நிற்கிறதோ, அந்த அடியைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.